இரட்டைச் சுழி

மலையாண்டி மொட்டைத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது முனியாயிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காய்ச்சலில் பிழைத்ததற்காக ஆலங்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட முடி. சந்தனம் பூசச் சொல்லிப் புருஷன் குனிந்தான். உச்சியில் இரண்டு சுழி, ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றியிருந்தன. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி. ஊரில் இது தெரியாதவர்கள் கிடையாது. அவளுக்கோ நிறைமாதம். இன்னொருத்தி வர வேண்டுமென்றால் இருக்கிறவள் போயாக வேண்டும். அதற்குப் பிரசவத்தைவிடத் தோதான நேரம் ஏது?

அதன்பிறகு பார்த்த இடமெல்லாம் சுழிதான். காளையின் நெற்றியில், பாகல்கொடியின் சுருளில், கிணற்று நத்தையின் ஓட்டில், எல்லாவற்றிலும் அதே சுற்று. படைத்தவன் இத்தனை மெனக்கெட்டு ஒரே கோலத்தைப் போட்டு வைத்திருக்கிறான் என்றால் சும்மாவா போட்டிருப்பான்? நத்தைக்கு என்ன விதித்திருக்கிறதோ, அவளுக்குத் தெரியாது. தனக்கு விதித்தது தெரிந்துவிட்டதென்று நினைத்தாள். பயத்தில் சோறு இறங்கவில்லை.

யுத்தகாலம். மண்ணெண்ணெய் கிடைக்காததால் பொழுதிருக்கவே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க. என்னா ஒனக்கு?" என்றான் மலையாண்டி.

"நான் செத்துப்போனா புள்ளைய எங்க ஆத்தாகிட்ட விட்டுருங்க. வாரவ அடிப்பா."

"எவ வாரவ?"

அவள் அவன் உச்சந்தலையைக் காட்டினாள். அவன் மொட்டையைத் தடவிக்கொண்டான். வெட்கம் தாங்கவில்லை அவனுக்கு.

"ஒன்னையக் கட்டுறதுக்கு முன்னாடியே எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

முனியாயி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

"வாழையோட. ஒரு வயசுல மொட்டை போடயிலயே ஆத்தா சுழியப் பாத்துருச்சு. நம்ம கல்யாணத்தன்னைக்கு விடியக்காலம் கொல்லை வாழைக்குத் தாலி கட்டச் சொல்லி, அப்பவே வெட்டிப்புட்டாக. கேலி பண்ணுவாகன்னு வெளிய சொல்லல. நீதான் ரெண்டாவது."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. அப்பாடா என்றிருந்தது. இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டுக்கொண்டு தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

கை கழுவக் கொல்லைக்குப் போனாள். வெட்டிய தூரைச் சுற்றிக் கன்றுகள் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தன. ஒன்று பூத்தள்ளியிருந்தது. இத்தனை நாளும் அதனடியில்தான் பாத்திரம் கழுவியிருக்கிறாள். பாவம், மூத்தவள் ஒரு நாழிகைகூட வாழவில்லை.

கை கழுவியது போக மிச்சமிருந்த தண்ணீரைத் தூரில் ஊற்றினாள். பிறகு மெல்ல நடந்து போய் இன்னொரு செம்பு மொண்டு வந்தாள்.