வாயாடி

தாடையைக் கட்டுவதற்கு மாமா ஒரு வெள்ளைத் துணியை நீளவாக்கில் மடித்துக்கொண்டு வந்தார். மகள் அம்மாவின் கன்னங்களை அழுத்திப் பிடித்திருந்தாள். கையை எடுத்ததும் வாய் மறுபடி திறந்துகொண்டது.

"இத்தனை வருஷம் திறக்காத வாய். இப்ப மட்டும் மூட மாட்டேங்குது பாருங்க மாமா."

"சும்மா இரும்மா. வெளியில ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே. யாருக்குத் தெரியாது?"

எல்லாருக்கும் தெரியும். தெருவில் அம்மாவுக்குப் பேரே ஊமையம்மா. பிறவி ஊமை இல்லை. துணி கம்பெனியில் தீப்பிடித்த நாள்வரைக்கும் ஒரு மாடி முழுக்க ஓடுகிற தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி வேலை வாங்கிய சூப்பர்வைசர். புகையில் கண் தெரியாமல் தவித்தவர்களை, "வாங்க, இந்தப் பக்கம் வாங்க, படி இருக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் போனவள். படி இருந்தது. கீழே கதவைத்தான் வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள், துணி திருட்டுப் போகிறதாம். கதவை உடைத்தபோது அம்மாவுக்கு மூச்சு இருந்தது. அவள் குரலை நம்பி வந்தவர்களில் பாதிப் பேருக்கு இல்லை. பூட்டச் சொன்ன முதலாளி ஜாமீனில் வந்து, வேறு பெயரில் கம்பெனி நடத்தி, கொழுத்துப் போயிருக்கிறான். அம்மாதான் வாயை மூடிக்கொண்டாள்.

மாத்திரை எதுவும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர்தான், மனசு நொறுங்கிப் போனவர்கள் சேர்ந்து விவசாயம் பார்க்கிற பண்ணை ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது, அனுப்பிப் பாருங்கள் என்றார். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். போக ஆரம்பித்த பிறகு அம்மா தூங்கினாள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். பேச்சு மட்டும் வரவில்லை.

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கிளம்பும்போது "போயிட்டு வரேன்மா" என்பாள். சொல்லிவிட்டு, செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலிலேயே நிற்பாள். "போயிட்டு வா." இதைத்தான் கேட்க நின்றாள், வேறு ஒன்றும் இல்லை. பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் இதற்காகவே திருப்பி அனுப்பினாள். அம்மா வாயைத் திறக்கிற அன்றைக்கு, தான் வேறு யார் வீட்டிலோ இருந்து தொலைத்தால்?

இன்று காலை பண்ணையில் பூசணிப் பாத்தியில் குனிந்த அம்மா நிமிரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இனி என்ன நின்றால் என்ன.

வாசலில் வேன் வந்து நின்றது. நாலைந்து பேர், வேலைத் துணியோடு, முழங்கால்வரை சேற்றோடு இறங்கினார்கள். முன்னால் வந்த பெரியவர் ஆடு மேய்க்கிற கம்பைக்கூடக் கீழே வைக்காமல் வந்திருந்தார்.

"எங்க வாயாடி போயிட்டாளே," என்று அவர் அழுதார்.

மகள் வாசலை மறித்து நின்றாள். "வீடு மாறி வந்துட்டீங்க."

"பண்ணையிலேர்ந்து வரோம்மா," என்றாள் கூட வந்த பொறுப்பாளர் அக்கா. "உங்க அம்மா கூடத்தான் இருந்தோம்."

"எங்க அம்மா பேச மாட்டாங்க."

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டுக்காரர் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார். "யாரு, அவளா? அவ வாயை மூட வைக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

மாமா மடித்த துணியோடு அப்படியே நின்றார்.

"எப்பலேர்ந்து?"

"வந்த கொஞ்ச நாள்லேயே ஆடுங்ககிட்ட ஆரம்பிச்சா. அப்புறம் செடிகிட்ட. அப்புறம் எங்க தலையை உருட்ட ஆரம்பிச்சா."

"வீட்டுல சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

பொறுப்பாளர் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக் கூடாதுன்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க. எங்ககிட்ட வந்தவங்க வேண்டாம்னா நாங்க மீற முடியாதும்மா."

"மீற முடியாது. நல்லா இருக்கு." மகளுடைய குரல் தெருவுக்கே கேட்டது. "ஆட்டுக்குப் பேச்சு. பூசணிக்காய்க்குப் பேச்சு. பொங்கிப் போட்டு, துவைச்சுப் போட்டு, சுவரோட பேசிக்கிட்டு ஒருத்தி இருந்தாளே, அவ யாரு? அவ இளிச்சவாய். இருந்ததையெல்லாம் வாரிக்கிட்டீங்க, இப்ப பொணத்துக்கும் பங்கு கேட்டு வந்துட்டீங்க. கிளம்புங்க. ஒருத்தரும் உள்ள வரக் கூடாது."

"விடும்மா," என்றார் மாமா.

"நீங்க பேசாதீங்க மாமா."

மற்றவர்கள் வேன் பக்கம் திரும்பினார்கள். ஆட்டுக்காரர் மட்டும் நகரவில்லை. அவர் முன்பு ரயில் ஓட்டியவர். தண்டவாளத்தில் ஒருத்தன் வந்து நின்ற பிறகு ஓட்டவில்லை. யார் கத்தினாலும் நின்று கேட்டுக்கொள்கிறவர்.

"எல்லாம் பேசுவாம்மா. ஒண்ணு மட்டும் அவ வாயில வராது."

"என்ன?"

"வா. அந்த ஒரு வார்த்தை வராது. ஆட்டை முன்னால நின்னு கூப்பிட மாட்டா. முட்டி வலியோட பின்னாடி ஓடி ஓடித்தான் விரட்டுவா. எங்களைச் சாப்பிடக் கூப்பிடணும்னா தட்டைத் தட்டுவா. வீட்டுல வாயைத் திறந்தா, என்னிக்காவது பழக்கத்துல மகளை வான்னு கூப்பிட்டுடுவேன்னு சொன்னா. அதுக்கு மேல நான் கேட்டுக்கலை."

"கூப்பிட்டா என்ன?" மகள் கதவை அறைந்தாள். "கூப்பிட்டா நான் செத்தா போயிடுவேன்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் அவருடைய கம்பையே பார்த்தாள்.

"எப்படிப் பேசுவாங்க?"

"எப்படின்னா?"

"பேசிக் காட்டுங்க."

அவர் தயங்கினார். தொண்டையைக் கனைத்தார். ஒரு 'ப்ச்' கொட்டி, கடைசி எழுத்தை இழுத்து ஆரம்பித்தார். "ப்ச்... ஏண்டீ, பூவா பூத்துத் தள்ளுறியே, காய் எங்கடீ? தண்ணி மட்டும் குடம் குடமா கேக்குது. சும்மா படர்ந்து கெடக்க இது என்ன உங்க அப்பன் வீடாடீ?"

அதே 'ப்ச்'. அதே இழுவை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், கம்பெனி ஜன்னலிலிருந்து ரோடுவரைக்கும் கேட்ட குரல். ஒரு கிழவரின் தொண்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

"இன்னொரு தடவை," என்றாள்.

பிண வண்டி வந்து ஹாரன் அடித்தது. மாமா துணியைக் கட்டி முடித்திருந்தார். தூக்குகிறவர்கள் தூக்கினார்கள். சொந்தக்காரர்கள் யார் உள்ளே ஏறுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது மகள் ஆட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இவர் தலைமாட்டுல உட்காருவார்."

"நானா? சேத்தோட இருக்கேன்மா..."

"ஏறுங்க. வழி பூரா பேசணும். நடுவுல நிறுத்தினீங்கன்னா ரோட்டுல இறக்கி விட்ருவேன்."

அவர் ஏறினார். அவள் எதிரே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

தெருமுனையில் வண்டி திரும்பியபோது கடை வாசலில் நின்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு ஆண் குரல், காய்க்காத பூசணிக்கொடியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.