கழுதைக் கொடி

டிராக்டர் திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது நான் கத்தரிக்கோலும் கையுமாக முதல் வரிசையின் குறுக்கே போய் நின்றுகொண்டேன். பின்னாலேயே கொழுந்தன் வந்தான்.

"நகருங்க அண்ணி. இன்னைக்கு இந்தக் கொடி எல்லாத்தையும் பிடுங்கிரணும்."

"என்னையும் சேத்துப் பிடுங்கு."

உனி பிளாங்க் என்று அந்த வரிசைகளில் இருந்த வெள்ளைத் திராட்சைக்கு அழகான பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அது கழுதை. எந்த மண்ணிலும் கொத்துக் கொத்தாகச் சுமக்கும். ஒருத்தர் வாயாலும் நல்ல வார்த்தை வாங்காது. வாசனை கிடையாது, புளிப்பு மட்டும் பல்லைக் கூசவைக்கும். அந்தப் புளிப்புதானே அதன் சொத்து! முழுக்கப் பழுக்கவிடாமல் பறித்து, லேசான ஒயினாக்கி, செப்புக் கொப்பரையில் காய்ச்சி வடித்தால் பிராந்தி. மிச்சம் மீதியை விட்டுவைத்தால் வினிகர். என் வீட்டுக்காரர் இருந்தவரை, வாசனைத் திராட்சை ஒயின் பீப்பாய் ஒவ்வொன்றிலும் புளிப்புக்காக இதையும் கொஞ்சம் கலப்பார். வெளியே மூச்சுவிடமாட்டார். அவர் போனபிறகு நான் கலந்தேன். இந்த வருஷம் கொழுந்தன், "கண்ட கழுதையும் என் பீப்பாய்ல வேணாம்" என்று பீப்பாய் அறையைப் பூட்டிக்கொண்டான். நேற்று வந்த வியாபாரி ஒரு வாய் குடித்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, ஒரு புட்டிகூட வாங்காமல் கிளம்பினார். மண்ணின் சத்தையெல்லாம் கழுதை உறிஞ்சிவிட்டது என்று பழியைத் தூக்கி இதன்மேல் போட்டான் இவன். எனக்கு வந்ததே ஆத்திரம்! இத்தனை வருஷம் இவன் மானத்தைக் காப்பாற்றியதே அதுதான்.

கையோடு கொண்டுவந்த கூடையிலிருந்து, நேற்று வியாபாரி மிச்சம் வைத்த அவன் ஒயினை எடுத்துக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன்.

"சப்புன்னு இருக்கு. தெரிஞ்சதுதானே?" என்றான்.

மீதி இருந்ததில் என் புட்டியிலிருந்து கொஞ்சம் விட்டேன். குடித்தான். முகம் மாறியது. நாக்கைச் சப்புக்கொட்டியதை இருமி மறைத்தான்.

"இது என்னது?"

"கழுதை."

டிராக்டர்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொழுந்தன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சரி அண்ணி, பீப்பாய்ல கலந்துக்கலாம். யாருக்கும் தெரிய வேணாம்."

"தெரியணும். புட்டி மேல அது பேரும் வரணும்."

"அந்தப் பேரப் போட்டா எவன் வாங்குவான்?"

"அப்ப சப்புன்னு இருக்கறதயே வித்துக்கோ. யாரு வேணாங்கறா?"

வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. அவன் கோப்பையை மறுபடி நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"மொதல்ல வண்டிய அணைக்கச் சொல்லு."

அவன் டிராக்டர் பக்கம் திரும்பவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை. நான் என் புட்டியின் கார்க்கை உள்ளங்கையால் அழுத்தி மூடினேன்.