மூன்றாவது முடிச்சும் கடலைமாவும்

துர்காதேவிக்குத் தன் முகத்தைப் பற்றிப் பெரிய குறை எதுவும் இருந்ததில்லை, கொழுந்தனின் கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வரும் வரைக்கும். அதில் ஆரத்தித் தட்டோடு நிற்பது யாரென்று அவளே ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. காலையில் புதுவாயல் கூட்ரோட்டில் கம்பெனி வேனுக்கு நிற்கும்போது லாரிகள் பூசிவிடும் புழுதி, சாயங்காலம் திரும்பும்போது இரும்பு ஆலைகள் பூசிவிடும் புகை என்று வருஷக்கணக்காக இரண்டு வேளையும் பூச்சு வேலை நடந்த முகம் அது. சோப்புப் போட்டால் மேல்பூச்சு போகும். உள்பூச்சு ஆல்பத்தில் தெரியும்.

இப்போது தம்பி அன்புராஜுக்குக் கல்யாணம். பெண் பெயர் ரோஜா. வைகாசி ஞாயிற்றுக்கிழமை, ஊத்துக்கோட்டையில் மண்டபம். தாலியில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டதும், மூன்றாவதை அவன் உடன்பிறந்தவள் போட வேண்டும். அன்புராஜுக்கு உடன்பிறந்தவள் துர்கா ஒருத்திதான். முடிச்சுப் போடக் குனிகிறவளின் முகம் மணப்பெண்ணின் கன்னத்தோடு கன்னமாக வரும். எந்த ஃபோட்டோகிராபரும் அந்த இடத்தைத் தவறவிடமாட்டான்.

அந்த மூன்றாவது முடிச்சின் மேல் இன்னொருத்திக்கும் கண். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் பெரியம்மா மகள் சம்பூர்ணம். துர்காவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்காவிட்டால் யாரும் கவலைப்பட வேண்டாம், முறைக்குத் தானும் அக்காதான் என்று நிச்சயதார்த்தத்தன்றே எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். சொன்னபோதே அவள் முகம் ஆல்பத்துக்குத் தயாராக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை துர்காவுக்கு வார விடுமுறை. பிள்ளைகள் அம்மா வீட்டில் இருந்தார்கள். ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டும் கணவன் பாஸ்கர் ஷிப்டுக்குப் போயிருந்தான். துர்கா செல்போனில் ஒரு வீடியோவைத் திறந்தாள். புழுதி என்பதையே பார்த்திராத ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டு, இந்த அரைமணி நேரம் உங்களுக்கே உங்களுக்கு என்றாள். வேப்பிலை, மஞ்சள், கடலைமாவு, தயிர், சில சொட்டு எலுமிச்சை. அரைத்துப் பூசிக்கொண்டு, வெள்ளைத் துணி விரித்து, மனதுக்கு அமைதியாக நல்ல வாசனை ஏதாவது ஏற்றி வைத்து, கண்கள் மேல் வெள்ளரி வில்லைகளை வைத்துப் படுக்க வேண்டும். பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. பூச்சு வெடித்துவிட்டால் பலன் போய்விடும்.

துர்கா ஒன்றையும் விடவில்லை. தெருமுனை மரத்திலிருந்து வேப்பங்கொத்துகளை ஒடித்து வந்து, பாயில் உட்கார்ந்து இலைகளை உருவினாள். உருவியது போக மிச்சம் பாயைச் சுற்றிக் கிடந்தது. வெள்ளைத் துணிக்குப் பாஸ்கரின் வேட்டி. வீடியோப் பெண் வாசனை மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். இவள் வீட்டில் சாம்பிராணிதான் இருந்தது. எலுமிச்சையில் மட்டும் கொஞ்சம் கூடுதல். சில சொட்டு என்பது வீடியோப் பெண்ணின் முகத்துக்குச் சொன்ன கணக்கு, கூட்ரோட்டு முகத்துக்கு முழுப் பழம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பிழிந்துவிட்டாள்.

படுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. கடன் வாங்கிய குழம்புக் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டு ரோசம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ரோசம்மாள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் மாரியம்மன் விஷயத்தில் வீண் வம்பு வைத்துக்கொள்வதில்லை. அவள் பார்த்தது இதுதான்: சாம்பிராணிப் புகை, வெள்ளை வேட்டி, சுற்றிலும் வேப்பங்கொத்து, நடுவே முகமெல்லாம் மஞ்சளும் வேப்பிலையும் அப்பி, அசையாமல் படுத்திருக்கும் துர்கா. சித்திரை வைகாசியில் இந்தக் கோலத்தைப் பார்த்தால் தெருவில் சின்னக் குழந்தைகூட அம்மை என்று சொல்லிவிடும்.

"துர்கா, அம்மா வாத்துருக்காடி?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

பூச்சு பாதி காய்ந்திருந்தது. துர்கா வாய் திறக்காமல், அப்புறம் வா என்று சொல்வதாக வலது கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். ரோசம்மாள் அதை ஆசீர்வாதமாக வாங்கிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கிண்ணத்தை ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

துர்கா முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. எதிர்ச் சாரியில் ஐந்தாறு பெண்கள் கைகூப்பி நின்றார்கள். எலுமிச்சையும் தன் வேலையை முடித்திருந்தது. இரண்டு கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம்.

"யக்கா, அது கடலமாவுக்கா," என்றாள் துர்கா.

"கன்னத்துல போட்டுக்கோ," என்றாள் ரோசம்மாள். "அவ வந்து உக்காந்துகினு கீறா, நீ கடலமாவுன்ற. போன வருசம் பின்னாடி தெருவுல ஒருத்தி வேர்க்குருன்னு சொன்னா. ஊடே படுத்துக்கிச்சு."

இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல முற்றிக்கொண்டே போகிற வியாதி அது. டாக்டரிடம் காட்டலாம் என்று துர்கா சொன்னபோது கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆட்டோக்காரன் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டான். சாயங்காலம் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் ஃபோனில், தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகு வந்தால் போதும் என்று என்றுமில்லாத மரியாதையோடு சொன்னார். மில்லுக்கும் செய்தி போய், பாஸ்கரையும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பாஸ்கர் வேப்பிலையைப் பார்த்துவிட்டு டிபன் கேரியரோடு வாசலிலேயே நின்றான். துர்கா மிக்சி ஜார், கடலைமாவுப் பொட்டலம், வீடியோ எல்லாவற்றையும் காட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நீ சொல்றத நான் நம்பறேன் துர்கா. ஆனா," என்றான்.

அந்த ஆனாவோடு தலையணையையும் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே படுக்கப் போனான். போகும்போது தன் அம்மாவுக்கு ஃபோன் செய்தான்.

மாமியார் கெங்கம்மாள் மறுநாளே ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி வந்து இறங்கினாள். சொர்ணவாரி நெல் நடவு நடந்துகொண்டிருந்த வயலிலிருந்து வந்தவள். கணுக்காலில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. படியேற முழங்காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. மருமகளின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு சமையல்கட்டுக்குள் போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டு வெளியே வந்து, காத்திருந்த தெருவுக்குத் தீர்ப்புச் சொன்னாள்.

"அவளே தான். பெரியவ வந்துக்கிறா."

துர்காவுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று.

அன்றிலிருந்து அந்த வீட்டின் நடைமுறையே மாறியது. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. பணிவிடை செய்கிறவள் அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது என்று கெங்கம்மாள் ஒரு விதியைச் சேர்த்தாள். அது எந்த ஊர் வழக்கம் என்று யாரும் கேட்கவில்லை. வேளைக்கொரு வீட்டிலிருந்து கூழும் இளநீரும் நுங்கும் வந்தன. பாஸ்கர் பாத்திரம் துலக்கினான். உப்பு எங்கே, சட்டை எங்கே, சார்ஜர் எங்கே என்று அவளை யாரும் எழுப்பவில்லை. மத்தியானத்தில் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே துர்கா மத்தியானங்களில் தூங்கினாள். பக்கத்திலேயே கெங்கம்மாள் மின்விசிறிக்கு நேராகக் கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு, நினைவு வரும்போதெல்லாம் வேப்பங்கொத்தால் ஒரு வீசு வீசினாள்.

கல்யாணம் மட்டும் இல்லையென்றால் துர்கா இப்படியே ஆடி மாதம் வரைக்கும் படுத்திருப்பாள்.

வியாழக்கிழமை அம்மா லட்சுமியம்மாள் ஃபோனில் அழுதாள். பெண் வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். அம்மை வீட்டிலிருந்து ஆள் வந்து மணவறையில் நிற்பது சரியில்லை என்கிறார்களாம். சம்பூர்ணத்திடம் சொல்லியாயிற்று; அவள் புதுப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள். அன்புராஜ் ஃபோனைப் பிடுங்கி, "யக்கா, நீ இல்லாம எனக்கு இன்னாக்கா கல்யாணம்," என்றான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவான்.

துர்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. கூழ் கொண்டுவந்த ரோசம்மாள் அதைப் பார்த்துப் பதறி, அம்மாளுக்கு ஏதோ குறை இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டாள். அழுகையின் காரணத்தை மறைக்க, துர்கா வாய்க்கு வந்தபடி மாம்பழம் என்றாள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கூடை மாம்பழம் வந்து இறங்கியது.

துர்கா அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை, எதிர்வீட்டு டிவி சத்தம் அம்மாளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். தெரு முழுக்க சீரியல்கள் ஊமையாக ஓடின.

சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் வழக்கம்போல் வாசலில் கூடியிருந்தபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கோ எங்கிருந்தோ சொல்வதைப் போல் சொன்னாள்.

"அம்மாவுக்குக் கல்யாணம் பாக்கணும் போல கீதாம்."

வேப்பங்கொத்து நின்றது. கெங்கம்மாள் மருமகளின் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். துர்கா கண்ணைத் திறக்கவில்லை.

"கேட்டுட்டா," என்றாள் கெங்கம்மாள் கடைசியில். "இனிமே மனுசங்க சொல்றதுக்கு இன்னா கீது."

பெண்ணின் அப்பா செங்கல்வராயனுக்கு ரோசம்மாளே ஃபோன் செய்தாள். அவர் முதலில் தயங்கினார். கேட்டது கிடைக்காவிட்டால் அம்மாள் என்ன செய்வாள் என்று நல்ல நாளும் அதுவுமாகத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்றாள் ரோசம்மாள். அவர் வரச் சொல்லிவிட்டார். முன்வரிசை முழுவதையும் காலியாக வைப்பதாகவும் சொன்னார்.

ஞாயிறு விடியலில், பாஸ்கர் வாடகை வேனில் வேப்பிலை கட்டிக்கொண்டிருக்க, கெங்கம்மாள் மருமகளை உட்காரவைத்து முகத்தில் மஞ்சள் பூசினாள். அம்மாள் வெறும் முகத்தோடு சபைக்குப் போகக் கூடாது. கன்னம், நெற்றி, மோவாய் என்று அழுத்தமாக, இடைவெளி இல்லாமல் பூசிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இந்த வாட்டி வெறும் மஞ்ச தான். கடலமாவு கலக்கல."

துர்கா திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா அத்த?"

"ஆடாத. மிக்சி ஜாருல ஒட்டிக்கினு இருந்துச்சே, எனக்கு மூக்கு இல்லியா?"

"அப்பவே சொல்லியிருந்தா இவ்ளோ பேஜாரு உண்டா?"

கெங்கம்மாள் மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு தன் முழங்காலை ஒருமுறை பார்த்தாள். "நடவுலேந்து வந்தேன். எனக்கும் ரெண்டு நாளு காலு நீட்டணும்ல. நேத்தே தண்ணி ஊத்தி எறக்கிடலாம்னு தான் இருந்தேன். அதுக்குள்ள நீ முந்திக்கின."

மண்டப வாசலில் செங்கல்வராயன் கற்பூரத் தட்டோடு நின்றார். நாகஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அம்மன் பாட்டுக்கு மாறினார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பின்வரிசையில் நாஷ்டாவுக்கு எழுந்தவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். மணவறை அருகே புதுப் பட்டுப்புடவையில் நின்ற சம்பூர்ணம் முதலில் அசையவில்லை. பிறகு சுற்றிலும் எல்லாரும் கும்பிடுவதைப் பார்த்துத் தானும் கைகூப்பிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். கும்பிட்ட கையால் முடிச்சுப் போட முடியாது.

கெட்டிமேளம் முழங்கியது. அன்புராஜ் இரண்டு முடிச்சுப் போட்டான். துர்கா ரோஜாவின் பின்னால் குனிந்து மஞ்சள் கயிற்றைப் பிடித்தாள். ஃபோட்டோகிராபர் முன்னால் வந்து மண்டியிட்டான். பூச்சு காய்ந்து முகம் இறுகிப் போயிருந்தது. சிரிக்கக் கூடாது என்று வீடியோப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மாளும் சிரிக்கக் கூடாது.

மூன்றாவது முடிச்சு விழுந்தது. கன்னத்தோடு கன்னமாக இருந்த ரோஜா, தலையைத் தூக்காமல், உதடு பிரியாமல் முணுமுணுத்தாள்.

"அண்ணி, எலுமிச்சம்பழம் ஜாஸ்தியா புழிஞ்சிட்டீங்களா? போன மாசம் எனக்கும் இதே மாதிரி தான் வந்துச்சு. அந்த வீடியோவே சரியில்ல."

துர்கா பல்லைக் கடித்தாள். முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்த சிரிப்பு, வாயின் இரண்டு பக்கமும் கோடை ஏரிபோல் மஞ்சளை வெடிக்க வைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஃபிளாஷ் மின்னியது. அம்மாள் சிரித்துவிட்டாள் என்று யாரோ சொல்ல, மண்டபமே குலவையிட்டது. அன்று சாயங்காலமே கெங்கம்மாள் தண்ணீர் ஊற்றி, நிலைப்படி வேப்பிலையை அவிழ்த்தாள்.

ஆல்பம் வந்தபோது துர்கா அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினாள். மணப்பெண்ணும் அவளும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல். அவள் முகம் முழுக்க மஞ்சள், மஞ்சள் முழுக்க விரிசல். பின்னால் கைகூப்பியபடி சம்பூர்ணம், படத்திலேயே மிகத் தெளிவாக விழுந்திருந்த முகம் அவளுடையதுதான். படத்தைப் பார்க்க வந்த ரோசம்மாளிடம் துர்கா கடலைமாவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ரோசம்மாள் கேட்டு முடித்து, படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் துர்கா கிண்ணத்தில் குழம்போடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாகச் சாம்பிராணி வாசனை வந்தது. எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் துணியின் மேல், கண்களில் வெள்ளரி வில்லைகளோடு, முகத்தில் பச்சையாக எதையோ பூசிக்கொண்டு ரோசம்மாள் படுத்திருந்தாள்.

துர்கா கூப்பிடவில்லை. கிண்ணத்தை ஜன்னலில் வைத்தாள். தெருமுனைக்குப் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து, ரோசம்மாளின் நிலைப்படியில் செருகிவிட்டு, சத்தம் வராமல் நடந்து போனாள்.