முன்தண்டுக்காரரின் கட்டி

எங்காத்துக்காரர் தன் வலது தோளை ஊருக்கெல்லாம் காட்டுவார். எலுமிச்சம்பழம் அளவுக்கு அங்கே காய்த்துப்போயிருக்கும். காஞ்சி வரதராஜப் பெருமாளை வீதிகளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளுக்கு அந்தக் காய்ப்புதான் பட்டம், பதவி எல்லாம். அதிலும் வாகனத்தின் முன்தண்டில் தோள் கொடுப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். இவர் முன்தண்டுக்காரர். இவர் அப்பாவும் அப்படியே.

இன்னொரு கட்டியும் இருந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை. அது இடது தொடையிடுக்கில். கட்டின பெண்டாட்டி எனக்கே தெரியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்திருக்கிறார், கெட்டிக்காரர்தான். புறப்பாடு முடிந்து வந்ததும் கூடத்தில் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். களைப்பு என்பார். ஒருநாள் நான் மோர் கொண்டுபோனபோது வேஷ்டிக்குள் கையை விட்டு எதையோ உள்ளே அழுத்திக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. என்ன என்று கேட்டேன். வாயு என்றார். வாயு கைக்கு அகப்படுமா என்று கேட்டேன். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது.

நின்றால் இறங்கும், படுத்தால் ஏறும். வைத்தியர் அண்டவாதம் என்று பெயர் வைத்து லேகியம் கொடுத்திருந்தார். லேகியம் தித்தித்ததே தவிர, கட்டி வளர்ந்துகொண்டுதான் போயிற்று. இவர் தாமாகவும் ஒரு வைத்தியம் செய்துகொண்டிருந்தார். அதுதான் மகா புத்திசாலித்தனம். தண்டைத் தூக்குவதற்கு முன் ஸ்ரீபாதம்தாங்கிகள் நீளத் துணியை இடுப்பில் சுற்றிக் கச்சை கட்டுவார்கள். அவர்களுக்குத் தலைவர் சக்ரவர்த்தி மாமா. ஒவ்வொருவருக்கும் அவரே வந்து, முதுகில் முழங்காலைக் கொடுத்து இழுத்து இறுக்குவார். மூச்சு முட்டினால்தான் கச்சை என்பது அவர் கட்சி. கட்டி வந்த பிறகு இவர் இன்னும் இறுக்கச் சொல்லியிருக்கிறார். இறுக்கினால் கட்டி உள்ளேயே நிற்கும் என்று நினைப்பு.

எம்டன் கப்பல் பட்டணத்தில் குண்டு போட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். செங்கல்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துத் தைக்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். போகலாம் என்றேன். உயிர் போனாலும் வரமாட்டேன் என்றார். சரி, வராவிட்டால் நாளைக்குச் சந்நிதி வீதியில் நின்று, உங்களுக்கு எந்த இடத்தில் கட்டி என்று எல்லாருக்கும் சொல்கிறேன் என்றேன். நான் சொல்லக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் ரயிலில் வாலாஜாபாத் தாண்டும்வரை என்னோடு பேசவில்லை.

டாக்டர் அவரை நிற்கவைத்து இருமச் சொன்னார். கட்டி துள்ளியது. படுக்கவைத்து மெல்ல அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. இது வாயுவும் இல்லை, நீரும் இல்லை, குடல் என்றார். வயிற்றுச் சுவரில் அந்த இடம் ஆண்களுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமாம். பாரம் தூக்கித் தூக்கி அது வாய் பிளந்துவிட்டது. அந்த வழியாகக் குடல் இறங்குகிறது. கச்சையைப் பற்றிச் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மேலே இறுக்கினால் உள்ளே இருப்பது கீழேதானே பிதுங்கும் என்றார். மருந்தே இல்லையா என்று இவர் கேட்டார்.

"கிழிஞ்ச வேஷ்டிக்கு லேகியம் தடவினா ஒட்டுமா? தைக்கத்தான் வேணும். இன்னிக்கு உள்ளே போகுது. ஒருநாள் போகாம மாட்டிக்கும். ரத்த ஓட்டம் நின்னு குடல் அழுக ஆரம்பிக்கும். கட்டி கல்லாகி வாந்தி வந்துட்டா, சில மணி நேரந்தான் கெடு."

ஊர் திரும்பியதும் இவர் போய் சக்ரவர்த்தி மாமாவிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். மாமா எங்கள் ஆத்துக்கே வந்து நின்றார்.

"கத்தி பட்ட ஒடம்பு பெருமாள் தண்டுக்கு ஆகாது, பராங்குசம். அறுத்துண்டா முன்தண்டை மறந்துடு."

தோளில் இருக்கிற கட்டி பெருமை, தொடையிடுக்கில் இருக்கிற கட்டி அவமானம், அதை எடுத்தால் பாவமா என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். பெண்டுகளோடு பேச வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இவர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தண்டு போனால் தான் யார் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் முடிவு செய்துவிட்டேன்.

"முன்தண்டு இல்லாத ஆத்துக்காரரோட நான் குடித்தனம் பண்ணுவேன். நீங்க இல்லாத முன்தண்டை வெச்சுண்டு நான் என்ன பண்றது?" என்றேன்.

மாசியில் மயக்க மருந்து கொடுத்து அறுத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பிடித்துத் தளிகை செய்து கொண்டுபோனேன். ஒரு வருஷத்துக்குத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வைகாசியில் கருட சேவை வந்தது. விடியற்காலையில் கோபுர வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். தண்டுக்கடியில் இருப்பவனுக்கு எதிரே இருக்கிற ஜனங்கள்தான் தெரியும். பெருமாள் அவன் தலைக்குப் பின்னால் இருப்பார். மீசை முளைத்த நாளாகச் சுமந்தவர், கருடன்மேல் வரும் பெருமாளை அன்றுதான் முகத்துக்கு முகம் பார்த்தார். குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். சந்தோஷமா, தண்டு போன துக்கமா என்று கேட்கவில்லை.

அழுகைக்கு நடுவில் சட்டென்று என் கையைப் பிடித்தார். முன்தண்டில் அவர் இடத்தில் சக்ரவர்த்தி மாமா நின்றிருந்தார். தோள் மாற்றும் நேரத்தில் மாமாவின் கை கச்சைக்குக் கீழே போய், எதையோ அழுத்திவிட்டுத் திரும்பியது. மற்றவர்கள் வேஷ்டியைச் சரிசெய்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"அவருக்கும் இருக்குடி," என்றார்.

புறப்பாடு முடிந்ததும் நேரே மாமா ஆத்துக்குப் போனார். நானும் போனேன். மாமா மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் வைத்திருந்தார். இரண்டு தடவை வாந்தி எடுத்தாயிற்று. கண்திருஷ்டி என்று அவர் சம்சாரம் ரமாமணி மிளகாயைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர் குனிந்து வேஷ்டியை விலக்கித் தொட்டுப் பார்த்தார். கல்.

செங்கல்பட்டுக்கு மத்தியான ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்றார். தான் சொன்ன வார்த்தை என்ன ஆவது என்று மாமா முனகினார். என் ஆத்துக்காரர் அதுவரை அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

"நான் வார்த்தை கேக்க வரலை மாமா. உங்களைத் தூக்கிண்டு போக வந்திருக்கேன்."

திருவிழாக் கூட்டத்தில் வீதியில் வண்டி நகர வழியில்லை. ஒரு நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி மாமாவை உட்காரவைத்தார்கள். ஸ்ரீபாதம்தாங்கிகள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். பழக்க தோஷம், இவரும் முன்னால் போய்க் குனிந்தார். நான் குறுக்கே நின்றேன். அப்புறம் இவர் வழி வழி என்று கத்தி ஜனங்களை விலக்கிக்கொண்டு முன்னே ஓடினார். ஊர்ப்பட்ட கூட்டம் அந்தக் குரலுக்கு வழிவிட்டது.

ஸ்டேஷன் இருக்கிற பெரிய காஞ்சிபுரத்துக்குள் நுழையும்போது மாமா தலையைத் தூக்கினார்.

"பராங்குசம், நான் போட்ட சட்டத்தை நானே எடுத்துட்டேன். ஒரு வருஷம் ஆனதும் தண்டு உன்னோடது. நாலு பேரும் கேட்டேளா?"

மூன்று பேர் ஆகட்டும் என்றார்கள். நாலாவது ஆள் பின்தண்டில் இருந்த பாச்சா. நான் அவன் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும், என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்.

"மாமி, எனக்கும் இருக்கு."

நாற்காலியை இறக்கச் சொன்னேன். இறக்கினால் ரயில் போய்விடும் என்றார்கள். சரிதான் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போகிற போக்கிலேயே பாச்சாவை விலக்கி அவன் இடத்தில் என் தோளைக் கொடுத்தேன். தெருவில் இருந்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். என் ஆத்துக்காரர் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தார்.

"முன்னாடி பார்த்து வழியை விலக்குங்கோ," என்றேன்.

அன்று சாயங்காலமே டாக்டர் மாமாவுக்கு அறுத்துத் தைத்ததும், அவர் பிழைத்ததும், பாச்சா தானாகவே செங்கல்பட்டுக்கு டிக்கெட் வாங்கியதும் அப்புறம் நடந்தவை. அந்த மத்தியானம் அதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா கனத்த உடம்பு. மூங்கில் என் தோளெலும்பில் அறுத்தது. ஸ்டேஷன் வரும்வரை நான் தோள் மாற்றவில்லை.