மூன்று இடது, ஒரு வலது

சீவலப்பேரியில் நர்ஸம்மா என்றால் பொறுமைசாலி என்று பேர். பிரசவ வலியில் கையைக் கடித்து வைத்தவளையும், பிள்ளைக்கு ஊசி போட்ட பாவத்துக்காக வாசலில் நின்று ஏசித் தீர்த்த அவள் மாமியாரையும் ஒரே முகத்தோடு சமாளித்தவள் வேணி. அந்தப் பொறுமையெல்லாம் சாயங்காலம் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து சேரும்போது பாதியாக வடிந்திருக்கும். மிச்சம் இருந்த பாதியை அவள் புருஷன் சிவசைலம் அந்தக் கோடையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் காலி பண்ணினார்.

சிவசைலம் கூட்டுறவுத் துறை ஆபீசில் தலை நரைக்கிற மட்டும் கிளார்க்காக இருந்தவர். வீட்டிலிருந்து ஆபீசுக்கு டவுன் பஸ், ஆபீசிலிருந்து வீட்டுக்கு டவுன் பஸ். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று சொல்வாரே தவிர, ஓட்டி யாரும் பார்த்ததில்லை. தொண்ணூற்றைந்தில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. இனிமேல் ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களைப் பார்வையிட வேண்டும். பஸ்ஸை நம்பினால் காலையில் போன ஊரிலேயே பொழுது அடைந்துவிடும்.

வேணி வேலைக்குப் போய்வர ஒரு டி.வி.எஸ். ஐம்பது வைத்திருந்தாள். "பேசாம நீங்களும் இது மாதிரி ஒண்ணு வாங்கிருங்க" என்றாள்.

"ஆபீசர் மொபெட்டுலயா போவான்?" என்றார் அவர்.

கறுப்பு ஹீரோ ஹோண்டா ஒன்று வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்னாலும் பின்னாலும் சிவப்பில் பெரிய 'எல்' மாட்டியாயிற்று. அதற்கப்புறம் வண்டி வீட்டு முற்றத்திலேயே நின்றது. சிவசைலம் தினமும் காலையில் அதைத் துடைத்தார். சாயங்காலம் மறுபடியும் துடைத்தார். துடைப்பதில் அவருக்கு எந்தப் பயமும் இல்லை.

முதலில் கற்றுக்கொடுக்க வந்தது ஆபீஸ் நண்பர் நடராஜ். ஒரு வாரம் வந்தார். பிறகு முழங்கையில் பெரிய கட்டோடு வந்து, வாசலுக்கு உள்ளே வராமலே வேணியைக் கூப்பிட்டார்.

"மைனி, நான் பின்னால உக்காந்திருக்கேன். எதுக்க ஒரு ஆடு வருது. அண்ணாச்சி பிரேக்கைப் பிடிக்கணுமா இல்லையா? ரெண்டு கையையும் விட்டுட்டு ஆட்டைப் பார்த்துக் கும்பிடுதாவ. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு மைனி. இனிமே நீங்களே சொல்லிக் குடுங்க."

"கும்பிடல வே. நில்லுன்னு கையக் காட்டினேன்" என்று உள்ளேயிருந்து சிவசைலத்தின் குரல் வந்தது.

வேணிக்குக் கியர் வண்டி புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால், மதியம் அண்ணன் தூங்குகிற நேரமாகப் பார்த்து அவனுடைய ராஜ்தூத்தை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியவள். அதை இதுவரைக்கும் வீட்டில் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியதாயிற்று. சிவசைலம் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, "அப்ப நீயே சொல்லிக் குடு. யாரும் பாக்காத இடமாப் பாத்துப் போவோம்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு குளம் வற்றிக் கிடந்தது. தரை வெடித்து, காய்ந்து, வண்டி ஓட்ட வசதியாக இருந்தது. விழுந்தாலும் பெரிய அடி படாது. சனி, ஞாயிறு காலையில் அங்கே பாடம் நடந்தது.

"கிளட்சைப் பைய விடுங்க. பைய. பையன்னா பைய."

வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

"பையத்தானே விட்டேன்?"

"இதுவா பைய? தேள் கொட்டின மாதிரி விடுதிய. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. திரும்பிப் பார்த்தார். "வேணி, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். பிரேக் பிடிக்கலன்னா?"

"பிடிக்கும்."

"பிடிக்கலன்னா?"

"கியரக் குறைங்க."

"கியரும் விழலன்னா?"

"அப்ப நாம விழுவோம். ஸ்டார்ட் பண்ணுங்க!"

ஓர் எருமை குறுக்கே வந்தால் அது போய் மறைகிற வரைக்கும் நிற்பார். எதிர்க்கரையில் ஒருவன் சைக்கிளில் வந்தால் அவனும் போகட்டும் என்று நிற்பார். எஞ்சின் அணைந்ததற்காக வண்டியிடமே "சே, மன்னிச்சுரு" என்று சொன்னதை வேணி தன் காதால் கேட்டாள். பின் சீட்டில் உட்கார்ந்து அவள் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே விட்டார்.

"பயப்படாதே பயப்படாதேன்னா பயம் போயிருமா? ஊசி போட வாற பிள்ளைகிட்டயும் நீ இதத்தான் சொல்லுதே. அது அழாமலா இருக்கு?"

 வேணிக்குக் கோபம் இன்னும் கூடியது. "அது ஒரு நிமிசம் அழுதுட்டு நிப்பாட்டிரும். நீங்க ரெண்டு மாசமா அழுதுக்கிட்டு இருக்கிய" என்றாள். இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

ஆனாலும் அவர் விடவில்லை. ஆடியில் காற்று வீசத் தொடங்கிய சமயத்தில் ஒரு வழியாகக் கிளட்ச் பிடிபட்டது. கியர் விழுந்தது. நேராக ஓட்டினார், நிறுத்தினார். வேணிக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. லைசென்சுக்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் அல்லவா, குளத்து மண்ணில் குச்சியால் பெரிய எட்டு ஒன்றைக் கீறி, "இதும்மேல வாங்க" என்றாள்.

சிவசைலம் கீழ் வட்டத்தை அழகாகச் சுற்றினார். நடுவில் வந்தார். மேல் வட்டத்துக்குப் போகாமல் திரும்பவும் கீழ் வட்டத்தையே சுற்றினார்.

"மேல போங்க, மேல!"

இன்னொரு தடவையும் கீழேயே சுற்றினார். எட்டுப் போடச் சொன்னால் மனுஷன் சைபர் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு வலது பக்கம் திரும்ப வரவில்லை. இடது பக்கம் சுகமாகத் திரும்புகிறது. வலது பக்கம் ஒடித்தால் கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுகிறதாம். அதுவும் ரோட்டில் என்றால் எதிரே வருகிறவன் எல்லாம் தன் மேல்தான் வருகிற மாதிரி இருக்கிறதாம்.

"அப்ப வலது பக்கம் இருக்கிற ஊருக்கெல்லாம் எப்படிப் போவிய?"

"அதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கேன்" என்றார் சிவசைலம். "மூணு தடவ இடது திரும்பினா ஒரு வலதுக்குச் சமம். யோசிச்சுப் பாரு. தப்பு உண்டா?"

யோசித்துப் பார்த்தாள். கணக்கில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணக்கின் லட்சணத்தை அவள் பின் சீட்டில் உட்கார்ந்தே அனுபவித்தாள். மார்க்கெட்டுக்குப் போக வீட்டிலிருந்து ஒரே ஒரு வலதுதான். அந்த முக்கில் பாவாவின் டீக்கடை. முக்கில் திரும்பாமல் நேரே போய், இடது, இடது, இடது என்று மூன்று தெருவைச் சுற்றி அதே முக்குக்கு வந்தார் சிவசைலம். இனி முக்கை நேரே கடந்தால் மார்க்கெட். கடக்கும் நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. அவர் பயந்துபோய் மறுபடியும் இடது பக்கம் ஒடித்துவிட்டார். திரும்பவும் அதே மூன்று தெரு. இரண்டாம் சுற்றில் பாவா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மூன்றாம் சுற்றில் ஒரு லாரி. நான்காம் சுற்றில் பாவா கடைக்கு வெளியே வந்து, "என்ன சார்வாள், எதுவும் தொலச்சிட்டியளா?" என்று சத்தமாகக் கேட்டார்.

வேணி அங்கேயே இறங்கிக்கொண்டாள். கூடையை எடுத்துக்கொண்டு நடந்தே மார்க்கெட் போய், நடந்தே வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கூடையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"வண்டிய வித்துருங்க. ஒங்களுக்கு இது வராது. எனக்கும் சொல்லிக் குடுக்க வராது. கட்டின பாவத்துக்கு நானும் எவ்வளவுதான் கத்துவேன்? ஊருல கேட்டுப் பாருங்க, என்னைக் கோபக்காரின்னு எவளாவது சொல்லுதாளான்னு. ஒங்களாலதான் எனக்கு இப்படித் தொண்டை கட்டுது."

 சிவசைலம் துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போனார். அவர் திருப்பி இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் வேணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் குளித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சீவலப்பேரியில் துணை சுகாதார நிலையத்தில் தாய்மார்களுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஞானம்பாள் ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள்.

"நர்ஸம்மா, ஒங்க வீட்டுக்காரவுக வண்டியோட ஆத்துக்குள்ள நிக்காவ!"

வேணி மாத்திரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "விழுந்துட்டாவளா?"

"விழல. சும்மா நிக்காவ. கேட்டா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்காவ."

வேணி மொபெட்டை எடுத்துக்கொண்டு போனாள். உண்மையிலேயே அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். தண்ணீர் ஓரத்து மணலில் முன் சக்கரம் பாதி புதைந்திருந்தது. பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்து, ஷூவை இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்திருந்தார். சுற்றிலும் துவைக்க வந்த பெண்கள்.

நடந்தது இதுதான். தன் பொறுப்பில் இருந்த சங்கங்களில் சீவலப்பேரிச் சங்கத்தை முதலில் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, போகிற வழியில் எல்லாத் திருப்பமும் இடது பக்கம் என்பதுதான். வந்து சேர்ந்துவிட்டார். வேலையும் முடிந்தது. திரும்பும் வழியில் அத்தனையும் வலதாகிவிடும் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்திருக்கிறார். சங்கத்தைத் தாண்டி இடது பக்கம் ஒரு பாதை தெரிந்தது. எந்தப் பாதையும் சுற்றிக்கொண்டு எங்கேயாவது மெயின் ரோட்டைப் பிடிக்காமலா போகும் என்று அதில் விட்டிருக்கிறார். அது தாமிரபரணியைப் பிடித்தது.

"இறங்கித் தள்ளித் திருப்பியிருக்கலாம்லா?" என்றாள் வேணி.

"சங்கத்துச் செயலாளர் வாசல்ல நின்னு வழியனுப்புதாரு. அவர் முன்னால ஆபீசர் வண்டியத் தள்ளிக்கிட்டா போவான்?"

வேணி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து, ஏன், சித்திரையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் ஞானம்பாள் முந்திக்கொண்டாள்.

"பயப்படக் கூடாது சார்வாள். மொதல்ல மனசுல தைரியம் வேணும்."

"எங்க கொழுந்தன் ஒத்தக் கையில ஓட்டுவான். ரோட்டப் பாக்கவே மாட்டான்" என்றாள் இன்னொருத்தி.

"கண்ண மூடிக்கிட்டு ஒரே முறுக்கா முறுக்குங்க. அது தானாப் போவும்."

"முறுக்கக் கூடாதுட்டி, சாச்சிப் பிடிக்கணும்."

அவர்களில் யாரும் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்தவர்கள் இல்லை. சிவசைலம் ஒவ்வொருத்தி பேசும்போதும் அவள் பக்கம் திரும்பி, "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார். ஷூவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தன் குரலும் பின் சீட்டிலிருந்து இப்படித்தான் கேட்டிருக்குமோ என்று வேணிக்குத் தோன்றியது. தோன்றியதற்காகக் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் ஒரு கை பிடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைத் தூக்கிக் கரையில் நிறுத்தினார்கள். வேணி அவரிடம் வந்தாள்.

"ஷூவப் போடுங்க. நான் முன்னால போறேன். என் பின்னாலயே வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஒண்ணுமேயா?" என்றார் அவர். நம்பிக்கை இல்லாத குரல்.

"ஒண்ணுமே."

மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் முதல் வலது. வேணி வேகத்தைக் குறைத்து, வலது கையை நீட்டி, திரும்பினாள். கண்ணாடியில் பார்த்தாள். கறுப்பு வண்டி ரோட்டுக்கு நடுவில் வந்து, ஒரு குதி குதித்து, நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கென்றே திருநெல்வேலி பஸ் வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தி ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யோவ், கிளட்சப் பிடிய்யா! ஓரமாத் தள்ளுய்யா!" என்று கத்தினார். ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் தலையை நீட்டி ஆளுக்கொன்று சொன்னார்கள்.

வேணி தூரத்தில் ஒரு காலை ஊன்றி நின்றாள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஓடிப் போய் அவரை இறக்கிவிட்டுத் தானே ஓட்டிவந்துவிடலாம் என்று கால் பரபரத்தது. போகவில்லை.

சிவசைலம் பஸ்ஸைப் பார்க்கவில்லை. குனிந்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். உதைத்தார். இன்னொரு தடவை உதைத்தார். எஞ்சின் பிடித்தது. கிளட்சைப் பைய விட்டார். அவ்வளவு பையவாக அவர் விட்டு வேணி பார்த்ததே இல்லை. வண்டி பஸ்ஸுக்கு முன்னால் மெதுவாக, அகலமாக, ரோட்டின் அந்தக் கடைசி வரைக்கும் போய் வளைந்து அவள் பக்கம் வந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது. வாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, சாமி பேரா கியர் எண்ணிக்கையா தெரியவில்லை.

வேணி ஒன்றும் சொல்லாமல் கிளம்பினாள். அவர் பின்னாலேயே வந்தார். கீழநத்தம் தாண்டி, ஊருக்குள் வந்து, வழியில் இருந்த அத்தனை வலதும் திரும்பி, வீடு வந்து சேர்ந்தார்கள். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு சிவசைலம் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். "அந்த பஸ் டிரைவருக்கு ஹாரன் அடிக்கத் தெரியுத அளவுக்கு ஓட்டத் தெரியல" என்றார். வேணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

புரட்டாசியில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினார். ஒரு மாதத்துக்குள் தூத்துக்குடி ரோட்டில் தனியாகப் போய் வரத் தொடங்கினார். அதோடு முடிந்திருந்தால் வேணிக்கும் நல்ல காலம்தான். சிவசைலம் புத்தி சொல்ல ஆரம்பித்தார். நடராஜைக் கூப்பிட்டு, வளைவில் உடம்பை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்து காட்டினார். பாவாவின் கடையில் டீ குடிக்கிறவர்களுக்கு டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று விளக்கினார்.

ஒரு நாள் காலையில் வேணி வேலைக்குப் போகும்போது, அவரும் அதே ரோட்டில் வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

"வேணி, ஒனக்கு ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதே. நீ திரும்பும்போது கண்ணாடியப் பாக்காமத் திரும்புதே. கையையும் கடைசி நேரத்துலதான் காட்டுதே."

வேணி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஓட்டுததுல ஒரு நிதானம் வேணும், பாத்துக்கோ. ஒன் வண்டியில கிளட்ச் கெடையாது. அதான் ஒனக்கு அது பிடிபடல. பயப்படாம, பைய..."

வேணி ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினாள். அந்தச் சின்ன வண்டியால் எவ்வளவு வேகம் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனாள். பின்னாலிருந்து "பாத்து, பாத்து!" என்று சத்தம் கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.