ஒன்பதாம் கட்டில்

"பேரே வேணாம்ணே. கட்டில் நம்பர் மட்டும் சொன்னாப் போதும்."

சொன்னவள் நுரையீரல் ஆய்வுக்கு ஆள் சேர்க்க வந்தவள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கல் அறுக்கும் பட்டறைக்காகக் கடல் தாண்டி வந்து, கம்பெனி விடுதியின் ஒரே அறையில் தங்கியிருந்த பன்னிரண்டு பேர். கம்பெனிப் பதிவேட்டில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. சம்பளம், லீவு, ஊருக்குத் திருப்பி அனுப்பும் டிக்கெட், எல்லாமே கட்டில் எண்ணில்தான். பாவம், அது அவளுக்குத் தெரியாது.

ஒன்பதாம் கட்டில்காரன் எதிர்க்கட்டிலில் இருந்த தன் மைத்துனனைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியா மச்சான், தலைய மட்டும் எடுத்துக்கிறாங்களாம், கழுத்து பத்திரமாம்."

"போன வருஷம் வந்த டாக்டரம்மாவும் இப்படித்தான் தேனொழுகப் பேசுச்சு," என்றான் மைத்துனன். "இருமின மூணு பேரையும் மறுவாரமே ஊருக்கு விமானம் ஏத்திட்டாங்க."

"இது கம்பெனிக்குப் போகாதுண்ணே. சத்தியமா."

"அப்போ உங்களுக்குக் கதவத் தொறந்துவிட்டது யாரு? கம்பெனி மேஸ்திரிதானே?" என்றான் மைத்துனன்.

அவள் படிவங்களை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். யாரோ ஒருவன் முதுகுக்குப் பின்னால் விசிலடித்தான்.

ஒன்பதாம் கட்டில்காரன் தண்ணீர் பிடிக்கப் போகிறவன்போலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் அவளை மறித்தான். ஒரு மாதமாக அவன் சளியில் ரத்தம் வருகிறது. மைத்துனனிடம்கூடச் சொல்லவில்லை.

"உங்க மேல எனக்குத் துளிகூட நம்பிக்கை இல்ல," என்றான் பல்லைக் கடித்தபடி. "அந்தக் காகிதத்துல ஒண்ணும் எழுதாம, சோதிச்சுப் பாத்து எனக்கு மட்டும் சொல்றீங்களா?"