நாக்குக்கு அடியில்

மாட்டின் கீழுதட்டை இழுத்துப் பிடித்து, நாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஆறு பல்லு, வயசு நாலு என்கிறேன், விரலெல்லாம் எச்சில், துண்டுக்குள்ளே ஒரு கை என் கையைத் தேடுகிறது, விரலைத் தொட்டு விலை பேசத்தான், எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்கிற தரகன் கிடையாது, ஆனால் சாண வாடைக்குப் பதில் மருந்து வாடை அடிக்கிறது, மல்லாந்து வாயைத் திறந்து கிடப்பது மாடு இல்லை, நான்தான் போலிருக்கிறது.

எங்கே ஆரம்பித்தது, புகையிலை அடக்குகிற பக்கம், நாக்குக்கு அடியில் ஒரு புண், வலியே இல்லை, மழைக்கு முந்தியா பிந்தியா ஞாபகமில்லை, மருந்துக்கடைத் தனிக்கொடி வாயைப் பார்க்காமலே சூடுண்ணே, சத்து மாத்திரை போட்டு மோரு குடிங்க என்றான், குடித்தேன், புண் போகவில்லை, பல் டாக்டர் வெளிச்சம் அடித்து, கடவாய்ப் பல் கூரா இருக்கு, அது உரசித்தான் புண்ணு என்று பிடுங்கினான், பல் போன பிறகு எது உரசுது என்று கேட்டேன், ஆறிடும் பெரியவரே என்றான், நான் நம்பவில்லை, எவனையும் நம்புகிறவன் தரகுக்கு லாயக்கில்லை, ஆனாலும் அவன் கொடுத்த களிம்பைத்தான் தடவிக்கொண்டிருந்தேன், ஏன் என்று இப்போதும் விளங்கவில்லை. பிறகு தாலுகா ஆஸ்பத்திரி வரிசை, தொண்டைக்குப் பார்க்கிறவர் தொண்டையைப் பார்த்தார், நல்லாருக்கு, பல் பிரிவுக்குப் போங்க, பல் பிரிவு மத்தியானத்தோடு பூட்டியாச்சு, மறுபடி போனால் டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் முதலிலிருந்து கேட்கிறார், வலிக்குதா, வலிக்கல, அப்ப ஒண்ணுமில்ல, இவர்களில் யார் சொன்னது முந்தி, யார் சொன்னது பிந்தி, எல்லா முகமும் ஒரே முகமாக வருகிறது.

என் பெண்டாட்டி ஒச்சம்மாதான், முதுகு தேய்க்கும்போது கை நின்று, கழுத்துல என்னய்யா நெல்லிக்கா கணக்கா என்றாள், சும்மா கெட என்றேன், ஊரு மாட்டு வாயெல்லாம் பாக்குற, ஒன் வாய ஒழுங்கா பாக்க ஒருத்தனும் இல்லயே, என்று மதுரைக்கு இழுத்துப் போனாள், அங்கே ஒரு டாக்டரம்மா துணியால் என் நாக்கைப் பிடித்து மேலே தூக்கினார், ரொம்ப நேரம் பார்த்தார், இத்தனை நாளா யாரும் நாக்கத் தூக்கிப் பாக்கலையா ஐயா, என் நாக்கு அவர் கையில் இருக்கிறது, எதைக்கொண்டு பதில் சொல்வது, பல்லைத்தானே பார்ப்பார்கள், நானும் எத்தனை மாட்டு நாக்கை ஒதுக்கியிருக்கிறேன், ஒன்றின் அடியிலும் பார்த்ததில்லை. துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள், முடிவு வந்தது, புத்துநோய்தான், கழுத்துக்கும் இறங்கிருச்சு, பாதி நாக்கை எடுக்கணும், ஆரம்பத்துலயே வந்திருந்தா கொஞ்சத்தோட போயிருக்கும் என்றார் டாக்டரம்மா, வந்தேனே, எல்லா இடத்துக்கும் வந்தேனே, அந்த அம்மாவிடம் கத்துவதா, தனிக்கொடியிடம் கத்துவதா, பேச்சு திரும்புமா என்று கேட்டேன், பாக்கலாம் என்றார், விலை பேச எனக்கு வாய் வேண்டாம், ஒச்சம்மாவைத் திட்ட வேண்டுமே.

இப்போது தள்ளுகட்டிலில் கிடக்கிறேன், ஆபரேஷன் அறைக் கதவு திறக்கிறது, மூடுகிறது, சந்தையும் திறக்கிறது, மூடுகிறது, என் துண்டுக்குள்ளே தேடி வந்த கை ஒச்சம்மாவுடையது, அவளும் தரகர் வீட்டுப் பெண், விரல் கணக்கெல்லாம் தெரியும், எவ்வளவு தேறும் சொல்லு என்று அவள் விரலைத் தொட்டுக் கேட்கிறேன், அவள் ஒரு விரலையும் காட்டவில்லை, என் கையை முழுசாகப் பொத்திப் பிடிக்கிறாள், அது என்ன விலை, எந்தச் சந்தையிலும் எவனும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.